கல் அறுக்கும் கருவியும் கொத்தனாரின் மூச்சும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்தில்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சொன்னார். எனக்கு முன்னால் பேசியவர்கள் செயற்கை நுண்ணறிவையும் மின்சாரக் காரையும் பற்றி அழகாகப் பேசிவிட்டார்கள். நான் டைல்ஸ் வெட்டுகிற மிஷினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. 2012-ல் இந்தக் கல்லூரி சிவில் பிரிவிலிருந்து வெளியே போனதிலிருந்து கட்டட வேலையில்தான் இருக்கிறேன்; அதிலும் பெரும்பகுதி ஃபினிஷிங் வேலை. கான்கிரீட்டைப் பற்றி இங்கே நான்கு வருடம் படித்தோம். தரைக் கல்லுக்குக் கிடைத்தது கட்டுமானப் பொருள்கள் பாடத்தில் ஒரு அத்தியாயம். ஆனால் ஃபிளாட் வாங்க வருகிறவர் பில்லரையா பார்க்கிறார்? செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத்தான் பார்க்கிறார்.

மேசைமேல் நான் கொண்டு வந்த சாமான்களைப் பரப்பியிருக்கிறேன். ஒரு 4 இஞ்ச் கட்டர், நாலு டயமண்ட் பிளேடு, ஒரு செட் பாலிஷ் பேட். முதலில் இந்தக் கட்டரைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எந்த வேலையிடத்துக்குப் போனாலும் டைல்ஸ் மேஸ்திரியின் பையில் இது இருக்கும். 110 மில்லிமீட்டர் பிளேடு, லோடு இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 13,000 சுற்று. பின்வரிசைத் தம்பிகள் கணக்குப் போடலாம்: விட்டத்தைப் பையால் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால், பிளேடின் விளிம்பு வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 270 கிலோமீட்டர். இதே கட்டரில் கவசத்தைக் கழற்றிவிட்டு 5 இஞ்ச் பிளேடு மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆழம் அதிகம் கிடைக்கும் என்று. அப்போது விளிம்பு வேகம் 85 மீட்டர். அந்த 5 இஞ்ச் பிளேடின் மேலேயே 12,200 சுற்றுக்கு மேல் ஓட்டாதே என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அது 80 மீட்டர் கணக்கு. பிளேடில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் நமக்கு இல்லை, மருந்துச் சீட்டு மாதிரி.

இந்தக் கட்டர் மோசமான கருவி இல்லை. விலை குறைவு, பையில் அடங்கும், ஏணி மேல் ஏறியும் வெட்டலாம். இதில் குறை ஒன்றே ஒன்றுதான்: நம் ஊரில் இதைப் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

டயமண்ட் பிளேடு கத்தி மாதிரி வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்ந்த கல் மாவாகிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை நமக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். அதற்குள்ளே கலந்திருக்கும் 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துகளில் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிகா இருந்தால், நுரையீரல் அதைக் கரைக்கவும் முடியாமல் வெளியே தள்ளவும் முடியாமல் வடுவாகிக்கொண்டே போகிறது. இதுதான் சிலிகோசிஸ். வந்த வடுவை நீக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு முற்றுகிறது. காசநோய் அதோடு எளிதில் சேர்ந்துகொள்ளும். 1997-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் சுவாசிக்கும் படிக சிலிகாவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. கல் தொழில் நிறைந்த ராஜஸ்தான் 2019-ல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

எங்களோடு வேலை செய்த ஒரு கிரானைட் பாலிஷ் தொழிலாளி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்தொன்று. கிச்சன் மேடைக்கு ஓரம் உருட்டுவதில் அவர் கை தனி. நோசிங் முடித்த பிறகு விரலால் தடவிப் பார்த்து, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இரண்டு தடவை காசநோய் மாத்திரை முழுசாகச் சாப்பிட்டார். இருமல் போகவில்லை. மூன்றாவதாகப் போன மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லையாம். "சார், அந்த ஒரு கேள்வியிலயே எனக்கு வெளங்கிடுச்சு" என்றார் என்னிடம். இப்போது ஓர் அப்பார்ட்மெண்டில் காவலாளியாக இருக்கிறார். மாடிப்படி ஏற முடிவதில்லை என்பதால் கேட் பக்கத்திலேயே டியூட்டி.

ஆகவே எந்தக் கல்லில் எவ்வளவு சிலிகா என்று தெரிந்துகொள்வது நம் தொழிலுக்கு அவசியம். மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சிலிகா குறைவு. கடப்பாக் கல்லும் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகை. கிரானைட்டில் குவார்ட்ஸ் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை போகும். மணற்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். இதில் ஒரு வேடிக்கை: கறுப்புக் கிரானைட் என்று விற்கிற பல கற்கள் புவியியல்படி கிரானைட்டே இல்லை. குன்னம் கறுப்பு டோலரைட் வகை, பிளாக் கேலக்ஸி கேப்ரோ வகை; குவார்ட்ஸ் கொஞ்சம்தான். ஆனால் மேஸ்திரி கல்லைப் பார்த்தா முகமூடி போடப்போகிறார்? எல்லாவற்றையும் தண்ணீரில் வெட்டுவது என்று வைத்துக்கொண்டால் இந்த ஆராய்ச்சி தேவையில்லை. மிகவும் மோசமானது, இப்போது கிச்சன் மேடைக்கு நாகரிகமாகிவிட்ட செயற்கைக் குவார்ட்ஸ் பலகை. ரெசினில் குவார்ட்ஸ் பொடியை அழுத்திச் செய்வது. பலவற்றில் சிலிகா 90 சதவீதத்துக்கும் மேல். இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் இதை வெட்டிய இளம் தொழிலாளிகளுக்கு நுரையீரல் போயிருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டால் நான் முதலில் கிரானைட்டைத்தான் காட்டுகிறேன்.

மூத்த முன்னாள் மாணவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மொசைக் தரை போட்ட காலத்தில் பாலிஷ் மிஷின் வந்தால் வீடு முழுக்கச் சேறாக இருக்கும். கார்போரண்டம் கல்லை மாட்டி, தண்ணீர் விட்டு விட்டுத்தான் தேய்ப்பார்கள். கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் போட்டுத் துடைப்பார்கள். தூசியே பறக்காது. அந்த வேலை ஈர வேலையாகத்தான் நம்மிடம் இருந்தது. கையடக்க டயமண்ட் கட்டர் வந்த பிறகுதான் உலர் வேலையாக மாறியது. தண்ணீர் என்பது வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்து நமக்குச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் மேஸ்திரி ஏன் உலர்வாக வெட்டுகிறார்? "அறியாமை" என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் கேட்டுப் பார்த்தேன். நியாயமான காரணங்களாகத்தான் வந்தன.

"சார், தண்ணி பட்டா கோடு அழிஞ்சிடும்." உண்மை. பென்சில் கோடு, மார்க்கர் கோடு எல்லாம் கல்மாவோடு போய்விடும். அதற்கு மெழுகுப் பென்சில் இருக்கிறது. இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் அழியாத மையால் கோடு போடலாம். டேப் ஒட்டினால் கிளேஸ் சிதறுவதும் கொஞ்சம் குறைகிறது. பென்ச் மிஷினாக இருந்தால் பக்கக் கட்டை அளவைப் பிடித்துக்கொள்ளும், கோடே வேண்டாம்.

"கரண்ட் அடிக்கும் சார்." இதுவும் உண்மை, இதற்குத் தனியாக வருகிறேன்.

"போட்ட தரையெல்லாம் சேறாயிடும், ஓனர் திட்டுவார்." அதனால் தளத்துக்கு ஒரு வெட்டுமிடம் வேண்டும். பால்கனியோ, டைல்ஸ் போடாத அறையோ.

"ஒவ்வொரு துண்டுக்கும் அங்க நடந்து போய் வெட்டிட்டு வந்தா, சதுர அடி எப்ப முடிக்கிறது?" இதுதான் உண்மையான காரணம். அவருக்குக் கூலி சதுர அடிக்கு. பிளேடு அவருடையது, மிஷின் அவருடையது, நேரமும் அவருடையது. நாம் எழுதிய எஸ்டிமேட்டில் வெட்டுவதற்கென்று ஒரு பைசா இல்லை. வீட்டை ஒப்படைக்கும்போது தூசியின் விலையை யார் கொடுத்தார் என்று எந்தப் பில்லிலும் தெரியாது.

சரி, என்ன கருவி வாங்கலாம் என்பதற்கு வருவோம். நேர் வெட்டுக்கு நான் முதலில் சொல்வது மின்சாரமே இல்லாத மேனுவல் கட்டர். டங்ஸ்டன் கார்பைடு சக்கரத்தால் ஒரே இழுப்பில் கோடு கீறி, அழுத்தி ஒடிப்பது. தூசி கிடையாது, சத்தம் கிடையாது, ஷாக் கிடையாது. செராமிக், விட்ரிஃபைடு டைல்ஸ் எல்லாம் ஒடியும். வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 2 அடிக்கு 2 அடி டைலைக் குறுக்கு மூலையாக வெட்டினால் 849 மில்லிமீட்டர். ஆக 800 மில்லிமீட்டர் கட்டர் வாங்கினவர் டைமண்ட் டிசைன் வந்த அன்றைக்கு மாட்டிக்கொள்வார். இன்று மோர்பியிலிருந்து 4 அடிக்கு 2 அடி டைல்ஸ் சாதாரணமாக வருகிறது, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீறும்போது ஒரே தடவை. இரண்டாம் தடவை அதே கோட்டில் இழுத்தால் ஒடியும்போது பல் பல்லாக வரும்.

எல் வடிவ வெட்டு, 45 டிகிரி மூலை, மெல்லிய பட்டை, கல், இதற்கெல்லாம் வெட் சா வேண்டும். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பிளேடு மேசைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் வகை. அடியில் தண்ணீர்த் தொட்டி, பிளேடே தண்ணீரைத் தூக்கிக்கொள்ளும். விலை குறைவு, பாத்ரூம் டைல்ஸுக்குப் போதும். ஆனால் சட்டையெல்லாம் நனையும், பெரிய டைலை நேராகத் தள்ளுவது கஷ்டம். இன்னொன்று, ரயில் மேல் மோட்டார் நகரும் வகை. டைல் அசையாது, பிளேடுதான் போகும், தண்ணீரைப் பம்ப் அனுப்பும். பெரிய டைலுக்கு இதுதான். தலை சாய்ந்து 45 டிகிரிக்கு நிற்குமா, சாய்த்த பிறகும் ரயில் ஆடாமல் இருக்கிறதா என்று கடையிலேயே ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். வாட்ஸைப் பற்றியே கடைக்காரர் பேசிக்கொண்டிருப்பார். ரயிலைக் கையால் அசைத்துப் பார்த்தால் அதைவிட அதிகம் தெரியும்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மிஷின்களில் பலவற்றில் இரட்டைத் துருவ இண்டக்‌ஷன் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 2,900 சுற்று. 180 மில்லிமீட்டர் பிளேடுக்கு விளிம்பு வேகம் 27 மீட்டர், 250 மில்லிமீட்டருக்கு 38 மீட்டர். கைக் கட்டரின் 75-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். கிரானைட் மாதிரிக் கடினக் கல்லுக்கு இந்த நிதான வேகம்தான் ஒத்துப்போகும். வேகம் கூடினால் டயமண்ட் கல்லைக் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு சூடாகும். காற்றில் 700, 800 டிகிரி போனால் டயமண்டும் வெறும் கரிதான்.

பிளேடு தேர்வில் ஒரு தலைகீழ்ப் பாடம் இருக்கிறது. கடினமான கல்லுக்கு மென்மையான பிணைப்புள்ள பிளேடு. அரிக்கும் தன்மையுள்ள மென்மையான கல்லுக்குக் கடினமான பிணைப்பு. பிளேடில் டயமண்ட் துகள்களைப் பிடித்துக்கொண்டிருப்பது உலோகத் தூள் பிணைப்பு. மேலே இருக்கும் துகள் மழுங்கியதும் பிணைப்பு தேய்ந்து அடுத்த துகளை வெளியே விட வேண்டும். கிரானைட் பிணைப்பை அதிகம் தேய்க்காது. ஆகவே பிணைப்பு இளகியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு பளபளவென்று ஆகி வெட்டாது. அப்போது மேஸ்திரி என்ன செய்கிறார்? செங்கல்லில் நாலு இழுப்பு இழுக்கிறார். "இப்ப உயிர் வந்துடுச்சு பாருங்க" என்பார். அவர் செய்வது சரியான உலோகவியல். அதையும் தண்ணீர் விட்டுச் செய்யச் சொல்லுங்கள், அவ்வளவுதான். விளிம்பு வடிவமும் கவனிக்கணும். டைல்ஸுக்கு இடைவெளி இல்லாத முழு விளிம்பு, கிரானைட்டுக்குப் பல் பிரித்த விளிம்பு, இரண்டுக்கும் நடுவில் டர்போ. பல் பிரித்ததை டைல்ஸில் ஓட்டினால் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும்.

எல் வெட்டில் விட்ரிஃபைடு டைல்ஸ் மூலையில் விரிசல் விடுவது எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. முதலில் உள் மூலையில் 6 அல்லது 8 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டு, இரண்டு வெட்டையும் துளையில் கொண்டுபோய் முடியுங்கள். தகைவுச் செறிவு என்று மூன்றாம் வருடம் படித்தோமே, அது இதுதான். கிச்சன் மேடையில் சிங்க் துளைக்கும் இதே கதை. 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர மீட்டர் 54 கிலோ. 8 அடிக்கு 2 அடிப் பலகை 80 கிலோ. இதைத் தூக்கி டைல்ஸ் மிஷினில் வைக்க முடியாது. அளவைச் சரியாக எடுத்துக் கொடுத்து, சிங்க் துளை, குழாய்த் துளை, ஓரம் எல்லாவற்றையும் கல் பட்டறையிலேயே பெரிய தண்ணீர் மிஷினில் முடித்து வாங்குங்கள். வேலையிடத்தில் மிச்சம் ஒரு சின்னத் திருத்தம்தான் இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்குக் கைக் கட்டர் போதும், தண்ணீர்க் குழாய் இணைப்பு உள்ளதாக வாங்கினால். குளிர்பான பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு சித்தாள் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்புத் துறை கல்லறுக்கும் கையடக்க ரம்பத்துக்கு நிமிடத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் சொல்கிறது. ஆக ஒரு லிட்டர் பாட்டில் இரண்டே நிமிடம். பிரஷர் கை ஸ்பிரேயர் ஒன்றைக் கட்டரோடு இணைத்துவிட்டால் சித்தாளின் கையும் பிளேடை விட்டுத் தள்ளி நிற்கும்.

பாலிஷுக்கு வருகிறேன். இந்தப் பேட்களில் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண் இருக்கிறது. கடைசியில் பஃப், வெளிர் கல்லுக்கு வெள்ளை, கறுப்புக் கல்லுக்குக் கறுப்பு. நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். 100-ன் கீறலை 800 எடுக்காது. மேலே பளபளப்பு வரும், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறல் அப்படியே இருக்கும். எண் மாற்றும்போது கல்லையும் பேடையும் கழுவணும். 50 நம்பர் துகள் ஒன்று ஒட்டியிருந்தால் 1500-ல் செய்த வேலை வீண். எல்லாவற்றுக்கும் மேல் மிஷின். இந்தப் பேடை 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டினால் ரெசின் உருகி வெள்ளை மார்பிளில் கறையாக ஏறும். 4,500-க்கு மேல் போகாத, வேகம் மாற்றக்கூடிய, நடுத் தண்டு வழியாகத் தண்ணீர் வரும் வெட் பாலிஷர் வாங்குங்கள். உலர் பேடும் கடையில் உண்டு. நான் உள்ளே விடுவதில்லை. மூக்குக்கு ஒரு அடி தூரத்தில் நடக்கும் வேலை அது.

மின்சாரம். நம் வேலையிடங்களில் ஒரு கலை உண்டு: பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரையும் சாக்கெட்டில் விட்டு தீக்குச்சியால் அடைப்பது. எர்த் வயர் மடக்கி ஒட்டப்பட்டிருக்கும். இந்தப் போர்டில் வெட் சா ஓட்டச் சொன்னால் மேஸ்திரி மறுப்பது புத்திசாலித்தனம். மூன்று பின் பிளக், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஈரம் தாங்கும் சாக்கெட்; வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் கீழே சொட்டும். காலையில் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பதற்கு ஐந்து வினாடி. சில வெட் பாலிஷர்களில் வயரிலேயே ஒரு சின்னப் பெட்டி வரும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். டிரிப் ஆவது அதன் வேலை. லீக்கேஜ் எங்கே என்று பார்ப்பது நம் வேலை.

தண்ணீர் விட்டாலும் கதை முடியவில்லை. அந்தச் சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். வடிகாலில் ஊற்றினால் டிராப் அடைத்துக்கொள்ளும். இரண்டு வாளியில் தெளியவைத்து, மேல் தண்ணீரை மறுபடி தொட்டிக்கு ஊற்றி, அடிச் சேற்றைச் சாக்கில் கட்டிக் கழிவோடு அனுப்பலாம். காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. துண்டை மூக்கில் கட்டுவது மனத் திருப்திக்கு. முகத்தில் ஒட்டி உட்காரும் என்95 தான் முகமூடி, அதுவும் தண்ணீரோடு சேர்த்து, தண்ணீருக்குப் பதிலாக இல்லை.

கடைசியாக, நாளைக்கு எஸ்டிமேட் எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு. டைல்ஸ் வேலைக்குச் சதுர அடி ரேட் எழுதும்போது "வெட்டுதல் உட்பட" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். தனி வரியாக எழுதுங்கள்: தளத்துக்கு ஒரு தண்ணீர் அறுப்பு மிஷின், மேனுவல் கட்டர் ஒன்று, ஆர்.சி.சி.பி. போட்ட போர்டு, சேறு அகற்றுதல், வெட்டுவதற்கென்று ஒரு ஆள். ரேட்டுக்குள் புதைந்திருந்தால் குறைந்த டெண்டர்காரர் முதலில் அதைத்தான் விழுங்குவார். தனி வரியாக இருந்தால் பில் போடும்போது மிஷின் எங்கே என்று கேட்க முடியும். நான் சில வருடங்களாக இப்படித்தான் எழுதுகிறேன். ஒரு தளத்துக்கு ஒரு மிஷின் போதுமானதாக இருக்கிறது. அறை அறையாக அளவெடுத்து, பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மொத்தமாகச் சீட்டெழுதி அனுப்பினால் மேஸ்திரிக்கு நடையும் குறைகிறது. ஓனர்கள் அந்த வரியைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்கத்தான் கேட்கிறார்கள். சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத ஒருவர் தன் வீட்டு மேடையில் தூசி படிந்ததைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் குழாயடிக்கு வாருங்கள். ஒரு வெட் சாவும் கொஞ்சம் கிரானைட் துண்டுகளும் வண்டியில் கொண்டு வந்திருக்கிறேன். மழுங்கின பிளேடும் புது பிளேடும் இருக்கிறது, இரண்டிலும் வெட்டிப் பார்க்கலாம். நல்ல சட்டை போட்டவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.